கிடங்குகள் திறந்த மாலையில் உன் அம்மாவைப் பார்த்தேன்

பாப்பாவின் கவுனை வாளியில் ஊறப் போட்டிருக்கிறேன். தண்ணீர் அதற்குள் மழைக்காலத்து வாய்க்கால் நிறத்துக்கு மாறிவிட்டது. களிமண். கவுனில், காதுமடலில், எப்படியோ என் தாலிக்கொடியில்கூட. தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியும் அவள் உள்ளங்கையில் அந்த வாசனை போகவில்லை. தூங்குகிறவளின் கையை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வழக்கமாக இந்த நேரத்தில் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மூச்சு சீராக வருகிறதா என்று மூக்கருகே விரலை வைப்பேன். இன்று அதைச் செய்ய மறந்தேபோனேன்.

நீ நம்ப மாட்டாய். ஆற்றோரத்துக் கிடங்குகளுக்குள் போய்விட்டு வந்தேன். ஐந்துக்கும்.

உனக்கு நினைவிருக்கும். கல்லூரி விட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் வரிசையாக ஐந்து. ஓடு சரிந்த கூரை, துருப்பிடித்த தகரக் கதவு, கதவுக்குக் கதவு தேங்காய் அளவுக்குப் பூட்டு. எனக்குக் குரும்பகரம் பஸ் ஐந்து மணிக்கு. நீ கிளிஞ்சல்மேட்டுக்கு சைக்கிளில் போகிறவள். நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனாலும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு பஸ் ஸ்டாண்ட் வரை வருவாய். எனக்காக வருகிறாய் என்று முதல் வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதவுகளுக்காகத்தான் வந்தாய் என்பது பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு கதவாகக் காதை வைத்துக் கேட்பாய். பூட்டை ஆட்டிப் பார்ப்பாய். "உள்ள என்னா இருக்குன்னு தெரியாம எப்படி டி ஒனக்குத் தூக்கம் வருது?" என்பாய். எனக்கு நன்றாகவே வந்தது.

ஒருநாள் ஐந்தாவது கிடங்கின் ஜன்னலில் ஒரு பலகை விழுந்திருந்தது. என்னை சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு கேரியரில் ஏறி நின்று எட்டிப் பார்த்தாய். கீழே குதித்தபோது முகமெல்லாம் ஒட்டடை. என்னடி இருக்கு என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன். நீயே ஏறிப் பாரு" என்றாய். நான் ஏறவில்லை. சைக்கிள் சாயும், யாராவது பார்ப்பார்கள், பாம்பு இருக்கும். என்னிடம் எப்போதும் மூன்று காரணங்கள் தயாராக இருக்கும். கடைசி வரை நீ சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை.

இப்போது அந்தக் கிடங்குகளை யாரோ குத்தகைக்கு எடுத்து, கூரையை மாற்றி, படம் வரைகிறவர்களுக்கும் சிலை செய்கிறவர்களுக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இன்று மாலை மட்டும் எல்லாக் கதவும் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வேலை செய்கிறவர்களிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஒரு வாரமாகத் தட்டி கட்டியிருந்தார்கள். பார்க்கும்போதெல்லாம் உன் குரல் கேட்டது. இவருக்குத் துறைமுகத்தில் மாலை ஷிப்டு. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டேன். பையில் தண்ணீர், பிஸ்கட், மாற்றுத் துணி, காய்ச்சல் மருந்து, கை கழுவுகிற திரவம். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்கப் போகிறவள் மாதிரி இல்லை, வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைக் காலி செய்கிறவள் மாதிரி இருந்தேன்.

மேலே எழுதும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருடமாகச் சொல்லாதது.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஏழு மாதம். வளைகாப்பு முடிந்து நான்கு நாள். நீ போன் செய்தாய். "கை நெறய வளையலோட வந்து ஒரு தடவ காட்டிட்டுப் போ டி" என்றாய். குரல் மட்டும் உன்னுடையது, நடுவில் வாங்கிய மூச்சு வேறு யாருடையதோ. "அத்தை விட மாட்டேங்கறாங்க டி. வளைகாப்பு ஆனவ வெளியில போகக் கூடாதாம்" என்றேன். "சரி டி, அப்பறம் வா" என்றாய்.

அது பொய். அத்தை சொன்னது இதுதான்: "உசுரோட இருக்கறப்பவே ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்துடும்மா. நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா கேத வீட்டுக்கு ஒன்னய அனுப்ப முடியாது." இவர் சிநேகிதரிடம் கார் சாவியே வாங்கி வந்துவிட்டார். நான்தான் இடுப்பு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டேன். மறுநாளும் வலித்தது. நீ போன் செய்த பதினோராம் நாள், நீ போய்விட்டாய் என்று செய்தி வந்தது. அதன் பிறகு உண்மையாகவே போகக் கூடாது என்றார்கள், எனக்கும் வசதியாகப் போயிற்று. உன் அம்மா மீன் விற்கிற மார்க்கெட் பக்கம் அன்றிலிருந்து நான் போகவில்லை. அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன், பார்த்தால் என்ன சொல்வேன் என்பதுதான் மூன்று வருடமாக எனக்கிருந்த பெரிய பயம். காய்ச்சல், தடுப்பூசி, மூச்சு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, கிடங்குகளுக்கு வருகிறேன்.

முதலாவதில் ஒருவர் தூசியில் படம் வரைகிறார். தூசியை அல்ல, தூசியால். மாவட்டம் முழுக்க வீடு வீடாகச் சின்ன டப்பா கொடுத்து, ஜன்னலைத் துடைக்கிற தூசியைச் சேர்த்து வைக்கச் சொல்கிறாராம். அதைப் பசையில் குழைத்து அந்தந்த வீட்டின் ஜன்னலையே வரைகிறார். அலமாரியில் வரிசையாக டப்பாக்கள். கீழவாஞ்சூர் லாரி ரோட்டுத் தூசி கறுப்பு. கிளிஞ்சல்மேடு கிட்டத்தட்ட வெள்ளை. குரும்பகரம் என்று ஒரு டப்பா, அறுவடை நேரத்து உமித்தூசி, பழுப்பும் மஞ்சளுமாக. எந்த வீடோ! பாப்பாவின் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றாலும் என்னால் நகர முடியவில்லை. பக்கத்தில் ஓர் அம்மாள் தன் புருஷனை இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்: "இது நம்மூட்டுத் தூசி. நான் தொடச்சது." அவர் சொன்னார்: "வூட்ட இவ்வளவு அழுக்கா வச்சிருக்கேன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டுறியா?"

இரண்டாவதில் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கழுத்தில் சிலுவை, தலையில் தொப்பி. சுவர் முழுக்கப் பனி. வெள்ளை மேட்டுக்கு மேல் வெள்ளை மேடு, ஒரே ஒரு மொட்டை மரம். பாப்பா கை நீட்டி "சோறு!" என்றாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சோறுதாம்மா. அங்க நின்னு அதப் பாக்கறப்பல்லாம் எனக்கும் அதான் ஞாபகம் வந்துச்சு" என்றார். அங்கே இருந்தவரை பனி பிடிக்கவே பிடிக்காதாம். இங்கே வந்த பிறகு வேறு எதுவும் வரைய வரவில்லையாம். ஏன் என்று கேட்டேன். நான் கேட்டேன், நம்பு. "தெரியலம்மா. தெரிஞ்சா நிறுத்திடுவேன்" என்றார்.

மூன்றாவதில் பெயின்ட் நெடி அடித்ததால் வாசலிலிருந்தே பார்த்தேன். நான்காவதில் இருட்டறையில் பாய் விரித்து எல்லோரும் மல்லாந்து படுத்துக் கூரையில் ஓடிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா இருட்டைக் கண்டு அழுதாள், வந்துவிட்டோம்.

ஐந்தாவதின் வாசலில் கொஞ்சம் தயங்கினேன். ஜன்னலுக்கு இப்போது கண்ணாடி போட்டிருந்தார்கள். உள்ளே நடுக்கூடத்தில் ஒரு மர முக்காலி, அதன்மேல் ஈரக் களிமண்ணில் ஒரு தலை.

நீ.

அதே அகன்ற நெற்றி. இடது புருவம் மட்டும் ஒரு நூல் மேலே, அடுத்த கேள்வி கேட்கப்போகிற மாதிரி. கீழுதட்டை உள்ளே மடித்துப் பல்லால் பிடித்திருந்தாய். ஆனால் கன்னம் ஒட்டியிருந்தது, கண்ணுக்குக் கீழே தோல் தளர்ந்து தொங்கியது. உனக்கு அறுபது வயது. நீ பார்க்காத வயது. அந்த முகத்தில் எப்படி இருந்திருப்பாய் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்குள் நீ இருபத்தாறிலேயே நின்றிருந்தாய். யாரோ எங்கேயோ உன்னை வளரவிட்டிருக்கிறார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. பயம் வரவேண்டிய இடம், வரவில்லை. இன்னும் கிட்டப் போய் உன் காதோரத்து நரை எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் தோன்றியது.

அந்த ஒரு நொடியில் பாப்பா இடுப்பிலிருந்து நழுவி, கீழே கிடந்த செங்கல்மேல் ஏறி, இரண்டு கையையும் அந்தக் கன்னத்தில் வைத்து அழுத்திவிட்டாள். ஐந்தைந்து விரல், மணிக்கட்டு வரை. நான் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. சிலை செய்கிற பெண் ஓடி வந்தாள். கும்பகோணத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். "பரவால்லக்கா, மண்ணுதானே" என்று கட்டைவிரலால் இரண்டு இழுப்பு இழுத்தாள். கன்னம் பழையபடி ஆகிவிட்டது. அவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பாத்து அமுக்கு தாயி. ஏற்கெனவே கன்னம் ஒட்டிப்போயிக் கெடக்கு."

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் டீ டம்ளரோடு உன் அம்மா. அது உன் தலை இல்லை, அவர் தலை.

திரும்பிப் போயிருப்பேன். பாப்பா அதற்குள் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். டீ டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், அதே இடது புருவம். "குரும்பகரத்துப் புள்ளதானே நீ? ஒக்காரு."

உட்கார்ந்தேன். என்னிடம் எதுவும் கேட்காமல் அவர் பாட்டுக்குப் பேசினார். அந்தக் கூடத்துக்கே அவர்தான் சொந்தக்காரர் மாதிரி.

"மீன் வாங்க வந்த புள்ள, மீனப் பாக்காம எம் மூஞ்சியவே பாத்துகிட்டு நின்னுச்சு. என்னாடி, வெல என் நெத்தியிலயா எழுதியிருக்குன்னு கேட்டேன். ஒங்க மொகத்த மண்ணுல பண்ணிக்கட்டுமாங்குது. பண்ணிக்க, நான் சும்மா ஒக்காந்தா போதும்னா எனக்கென்னா கஷ்டம்னேன். சும்மா ஒக்கார்றதுதான் கஷ்டம்னு அப்பறம்தான் தெரிஞ்சுது. பேசக் கூடாதாம்!"

அந்தப் பெண் சிரித்தாள். "அம்மா பேசிகிட்டேதான்க்கா இருப்பாங்க. அதனாலதான் வாய் மட்டும் இன்னும் சரியா அமையல."

இன்னொரு சண்டையும் நடந்ததாம். களிமண் காயாமல் இருக்க வேலை முடிந்ததும் தலையை ஈரத்துணியால் மூடிவைக்க வேண்டும். முதல்நாளே உன் அம்மா துணியைப் பிடுங்கிவிட்டார். உயிரோடு இருக்கிறவள் முகத்தைத் துணி போட்டு மூடுவார்களா என்று கேட்டாராம். அன்றிலிருந்து தலைக்குக் குளித்தவள் துண்டு கட்டுகிற மாதிரி பின்னந்தலையைச் சுற்றி மட்டும் துணி. முகம் திறந்தேதான் இருக்க வேண்டும். அதற்காக அந்தப் பெண் மணிக்கொரு தடவை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறாள். இது அவர் வேடிக்கையாகச் சொன்னது. அவர் கடைசியாக முகத்தை மூடியது யாருக்கு என்று எனக்குத் தெரியும். அவர் பாப்பாவின் தலையைத் தடவினார்.

"இதுதான் அன்னைக்கி வயித்துல இருந்ததா?"

"ஆமாங்கம்மா."

"நீ வராததுக்கு ஒன்னயச் சொல்லிக் குத்தமில்ல. ஒம்மாமியா விடலன்னு எம்பொண்ணு சொன்னா. ஒம்மாமியா, ஒங் கல்யாணத்துல பாத்த மொகந்தானே, மார்க்கெட்டுக்கு வந்தா எனக்குத் தெரியாதா? மூணு வருசமா அந்தப் பொம்பளைக்கு ஒரு நல்ல மீன் நான் குடுத்ததில்ல. கண்ணு வெளுத்ததாப் பாத்து எடுத்துப் போடுவேன். கேட்டா, இதான் இருக்கு, இஷ்டமிருந்தா எடு."

வீட்டில் அத்தை எத்தனை தடவை புலம்பியிருக்கிறார்! "நான் என்னா பாவம் பண்ணேன்னு தெரியல, கிளிஞ்சல்மேட்டுக்காரி என்னயப் பாத்தா மட்டும் கூடையச் சாக்கு போட்டு மூடிடுறா." வேறு ஆளிடம் வாங்குங்களேன் அத்தை என்று நானே சொல்லியிருக்கிறேன். அவருக்கும் வீம்பு. என்னதான் காரணம் என்று தெரியாமல் விடமாட்டேன் என்று அங்கேயேதான் போவார்.

பேசாமல் இருந்திருக்கலாம். உன் அம்மாவே எனக்கு மன்னிப்பைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார். தலையாட்டினால் போதும், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறியிருக்கலாம். என்னிடம் அப்போதும் மூன்று காரணம் இருந்தது. ஆனால் எதிரில் அந்த மண் முகம் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"அத்தை ஒண்ணும் சொல்லலங்கம்மா. போயிட்டு வரச் சொன்னாங்க. நாந்தான் வரல. அவகிட்ட நான் பொய் சொன்னேன்."

அவர் முந்தானை நுனியை எச்சில் தொட்டு, பாப்பாவின் விரல்களில் காய்ந்த மண்ணை ஒவ்வொன்றாகத் துடைத்தார். எச்சில் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. வலது கை முடிந்து இடது கையும் முடிந்த பிறகு கேட்டார்.

"ஏன்?"

"பயமா இருந்துச்சும்மா. அவ எப்படி ஆயிருப்பாளோன்னு."

"எனக்குந்தான் பயமா இருந்துச்சு" என்றார். "நான் எங்க போயி ஒளியிறது?"

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. ஐஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். அந்தப் பெண் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்துக்கொண்டு சிலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் அழுதேன். பாப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு தடவ கேட்டா" என்றார் உன் அம்மா.

"என்னையாம்மா? கோவமா கேட்டாளா?"

"கோவமா? அதுக்கெல்லாம் அவளுக்கு எங்க நேரம்? ஊசி போட வர்ற நர்ஸப் புடிச்சு, அதுக்குள்ள என்னா மருந்து இருக்கு, உள்ள போனா அது எங்க போவும்னு கேட்டுகிட்டுக் கெடந்தா. ஒன்னயக் கேக்கல, ஒன் வயித்தக் கேட்டா. புள்ள எந்தப் பக்கம் ஒதைக்குது, நாம பேசுனா ஒதைக்குமா, வயித்துக்குள்ள விக்கல் எடுத்தா வெளியில தெரியுமாமே, நெசமான்னு என்னயக் கேக்குறா. மூணு பெத்தவ நானு, எனக்கே ஞாபகமில்ல. அவ வந்தா கேக்கணும்மான்னா. மறுநாளும் அதையேதான் சொன்னா. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். மூன்று வருடமாக உன் கண்ணில் என்னென்னவோ வைத்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். நீ அங்கே படுத்துக்கொண்டு விக்கலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

கிளம்பும்போது உன் அம்மா, "ஒம்மாமியாட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா நல்லாருக்காது. நாளைக்கி வந்தா நல்ல மீனா எடுத்துத் தாரேன்னு சொல்லு" என்றார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு சொல்லிவிட்டேன். அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தார். "மூணு வருசமா வெளுத்த மீனு தின்னது ஒன்னாலயா?" என்றார். சோறு வடித்து, பாப்பாவுக்கு ஊட்டி, எல்லாம் ஆன பிறகு அடுக்களையிலிருந்தே, "நாளைக்கி மார்க்கெட்டுக்கு நீயும் என்கூட வர்ற" என்றார். போகிறேன்.

நீ கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். பெரும்பாலும் வலப்பக்கம். விலா எலும்புக்குக் கீழே, குதிகால் என்று கையால் தொட்டே தெரிந்துகொள்கிற மாதிரி. விக்கல் நிஜம். சீராக, கடிகாரம் மாதிரி, நான்கைந்து நிமிடம் புடவை மடிப்பு துள்ளும். எனக்கு அதெல்லாம் பயமாகத்தான் இருந்தது. டாக்டர் எண்ணச் சொன்னார், எண்ணிக்கொண்டே இருந்தேன். வேடிக்கை பார்க்கவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் காதை வைத்துக் கேட்டிருப்பாய்.

பேசினால் உதைக்குமா என்று கேட்டாயே, உதைக்கும். உன்னோடு போனில் பேசி, அத்தை விடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது உதைத்தாள். இரண்டு தடவை, பலமாக. நீ "சரி டி, அப்பறம் வா" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். இப்போ ஒதைச்சா டி என்று அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம்.